மீண்டது மதுவா, அயலா? வெர்மூத் மறுமலர்ச்சி பற்றிய ஒரு விமரிசன நோக்கு

பழைமை மீள்கின்றது என்ற செய்தி எப்பொழுதும் இனிமையானது. அதனை ஐயுறுபவர் இரசனையற்றவராகக் கருதப்படும் ஆபத்துமுண்டு. தென்னைரோப்பிய நகரங்களில், சிறப்பாக ஸ்பெயினின் பார்சிலோனா நகரில், கடந்த பதினைந்து ஆண்டுகளாக எழுந்துள்ள வெர்மூத் மறுமலர்ச்சி இத்தகைய ஓர் இனிய செய்தியாகவே பரப்பப்பட்டு வருகின்றது. மூலிகைகள் ஊறிய வைனைச் சிறு கிண்ணமொன்றில் ஊற்றி, சோடாவைச் சிறிது பீய்ச்சி, ஓர் ஒலிவக் காயும் தோடம்பழத் துண்டொன்றும் இட்டு, மதிய உணவுக்கு முன்னர் அயலவரோடு கூடியிருந்து அருந்தும் வழக்கம் பாட்டன்மாருடன் மறைந்துவிட்டதென எண்ணப்பட்டிருந்தது. பேரப்பிள்ளைகள் அதனை மீட்டெடுத்துள்ளனர் என்றும், அதனூடாக நகரம் தான் இழந்த அயலுறவை மீளப் பெற்றுள்ளது என்றும் உணவுப் பத்தி எழுத்தாளரும், உல்லாசப் பயண வழிகாட்டி நூல்களும், மதுக் கம்பனிகளின் விளம்பரங்களும் இன்று ஒரே குரலிற் கூறுகின்றன.

இக்கூற்றின் முற்பாதி உண்மை, பிற்பாதி பொய். பானம் மீண்டுள்ளது என்பதில் ஐயமில்லை. ஆயின் அப்பானம் அருந்தப்பட்ட சமூகச் சூழல் மீண்டுள்ளதா என்பதே எழுப்பப்படவேண்டிய வினா. ஒரு பண்பாட்டு வழக்கத்தின் புறச்சின்னங்களை அதன் உயிராகக் கொள்ளும் மயக்கம் எவ்வளவு கேடானது என்பதற்குப் பார்சிலோனாவின் அயற்றவறணைகள் தக்க சான்றாகும். மது ஒரு சிறு விடயந்தானே எனக் கருதி இதனை ஒதுக்கிவிடவும் முடியாது. மக்கள் பணச்செலவு அதிகமின்றிக் கூடியிருக்கத்தக்க ஓர் இடம் எவ்வாறு தோன்றுகின்றது, எவரால் அழிக்கப்படுகின்றது என்பது எச்சமூகத்துக்கும் சிறு விடயமன்று.

1. மரபு எனப்படுவதன் பிறப்பு

முதலில் ‘தொன்மை’ என்ற வாதத்தை நோக்கலாம். வெர்மூத் என்ற பெயர், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த கசப்புப் பூண்டொன்றுக்கு ஜெர்மன் மொழியில் வழங்கும் பெயரிலிருந்து வந்தது. வைனில் மூலிகைகளை ஊறவைத்து மருந்தாக உண்ணும் முறை மிகப் பழையதாயினும், இன்று அறியப்படும் வெர்மூத் 1786ஆம் ஆண்டில் இத்தாலியின் தூரின் நகரில் அந்தோனியோ பெனதெத்தோ கர்ப்பானோ என்பவரால் உருவாக்கப்பட்டதாகவே மரபுவழிச் செய்தி கூறுகின்றது. அதனை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்றது நாட்டார் மரபன்று, கைத்தொழில் முதலாளித்துவமேயாகும். மார்ட்டினி, றொஸ்ஸி ஆகியோரின் பெயரால் அறியப்படும் கம்பனி 1863இல் உருவாயிற்று. இத்தாலி ஒன்றிணைக்கப்பட்டு இரண்டாண்டுகளே கழிந்திருந்த காலம் அது. நீராவிக் கப்பலும் புகையிரதமும் அப்பானத்தைத் துறைமுகம்தோறும் கொண்டு சேர்த்தன. 1860இல் நொவாராவில் தொழிலைத் தொடங்கிய கம்பாரிக் குடும்பத்தார் 1915இல் மிலான் நகரின் புகழ்பெற்ற கண்ணாடிக்கூரை அங்காடியில் தமது மதுச்சாலையைத் திறந்தனர். 1932இல் எதிர்காலவாத ஓவியரான டெப்பேரோ வடிவமைத்த போத்தலில் தமது சோடாக் கலவையை விற்கலாயினர். உணவுக்கு முன்னர் பசியைத் தூண்டுவதற்கு அருந்தும் வழக்கமாகிய ‘அப்பெரித்தீவோ’, கம்பனியின் தொழிற்சாலையும் ஓவியரின் சுவரொட்டியும் கூடிப் பெற்ற பிள்ளை என்பது மிகையாகாது.

அக்கிண்ணத்தின் கசப்புக்கும் நறுமணத்துக்கும் பின்னால் கீழைத்தேயத்தவரின் உழைப்பும் உண்டு. வெர்மூத்துக்குரிய வாசனைப் பொருட்களில் கறுவா, கராம்பு, சாதிக்காய் என்பன வழக்கமாக இடம்பெறுவன. கர்ப்பானோ தமது பானத்தை வடித்ததாகக் கூறப்படும் காலத்தில் இலங்கைக் கரையோரத்தின் கறுவா ஒல்லாந்தக் கம்பனியின் ஏகபோகப் பிடியில் இருந்தது. அதனை உரித்தவர்கள் சாதிக் கடமை என்ற பெயரில் வேலை வாங்கப்பட்டனர். பீட்மொன்ற் பிரதேசத்தின் கசப்பு வைன் வகைகளிற் சேர்க்கப்படும் சிங்கோனாப் பட்டையும், கோப்பிச் செய்கை நோயினால் அழிந்த பின்னர், 1870களிலும் 1880களிலும் இலங்கையின் மலையகத் தோட்டங்களிலே பெருமளவிற் பயிரிடப்பட்டது. அங்கு உழைத்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களேயாவர். மத்தியதரைக்கடல் மண்ணின் தூய விளைபொருளென வெர்மூத்தைப் போற்றுவோர் இவ்வரலாற்றை ஒருபோதும் குறிப்பிடுவதில்லை.

கத்தலோனியாவின் நிலையும் இதுவே. பார்சிலோனாவுக்குத் தெற்கேயுள்ள றெயுஸ் நகரம் வைன், சாராய வணிகத்தால் வளம்பெற்ற நகரம். அங்கு 1884இல் இசகீரே என்னும் நிறுவனம் வெர்மூத் தயாரிக்கத் தொடங்கியது. வேறு பலரும் அதனைத் தொடர்ந்தனர். பார்சிலோனாவின் செல்வர் வீதியில் 1902இல் திறக்கப்பட்ட ‘கஃபே தொரினோ’, மார்ட்டினி-றொஸ்ஸிக் கம்பனியின் முகவரான இத்தாலியர் ஒருவரின் முயற்சி. கௌடி முதலிய பெருங் கட்டடக் கலைஞர்கள் அதன் அலங்காரத்திற் பங்குகொண்டனர். ஆகவே ‘எமது பாட்டன்மாரின் பானம்’ எனப்படுவது அப்பாட்டன்மாருக்கே இறக்குமதியாக வந்து சேர்ந்த ஒரு நவநாகரிகமாகும். இதனைக் கூறுவதன் நோக்கம் அதனை இழித்துரைப்பதன்று. ஒரு பண்டம் எவ்விடத்திலிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், மக்கள் அதனைத் தமதாக்கிக் கொண்ட முறையே பண்பாட்டு வரலாற்றில் முதன்மையானது.

2. தவறணையின் சமூகத் தளம்

அவ்வாறு தமதாக்கிய இடம் செல்வர் வீதியன்று. தொழிலாளர் வாழ்ந்த சந்துகளிலிருந்த ‘பொதேகா’ எனப்படும் தவறணைகளேயாகும். போப்ளே செக், சாந்த் அந்தோனி, கிராசியா, சாந்த்ஸ், பார்சலொனெத்தா முதலிய பகுதிகளில் இத்தகைய தவறணைகள் நிறைந்திருந்தன. இவற்றின் அமைப்பு எளிமையானது. சுவரோரமாகப் பெரிய மரப்பீப்பாக்கள், ஒரு பளிங்குப் பலகை, நிற்பதற்கு இடம், இருப்பதற்குச் சில முக்காலிகள். வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கொண்டுவந்து பீப்பாவிலிருந்து அளந்து வைன் வாங்கிச் செல்வதே முதன்மை வணிகம். நின்ற நிலையில் ஒரு கிண்ணம் அருந்துவது அதனோடு ஒட்டி வளர்ந்தது. தவறணைக்காரரிடம் சமையலறை இருப்பதில்லை. ஆதலால் ஒலிவக் காய், உப்பிட்ட நெத்தலி, தகரத்தில் அடைத்த மட்டி, பொரித்த உருளைக்கிழங்குச் சீவல் என்பனவே தொடுகறிகளாயின. இன்று ‘மரபுச் சுவை’ எனப் போற்றப்படும் ரின்மீன் அன்று அடுப்பில்லாமையின் விளைவு.

இத்தவறணை நிலைபெறுவதற்கு மூன்று காரணிகள் துணைநின்றன.

முதலாவது, வேலை நேரம். வாரத்தில் ஆறு நாட்கள் உழைத்த தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. கோயிற் பூசைக்கும் மதிய உணவுக்கும் இடைப்பட்ட அந்த ஒரு மணிநேரமே ‘வெர்மூத் வேளை’ எனப் பெயர்பெற்றது. ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தமையால் ஊர் முழுவதும் ஒரே நேரத்திற் கூட முடிந்தது.

இரண்டாவது, குடியிருப்பின் நெருக்கம். தொழிற்சாலையும் வீடும் சந்தையும் நடைதூரத்தில் இருந்தன. தவறணைக்கு வந்தவர் அயலட்டையிலேயே வாழ்ந்தவர். கடன் கொடுத்தலும், திறப்பை ஒப்படைத்துச் செல்லுதலும், வேலை பற்றிய செய்தி அறிதலும் அங்கு நிகழ்ந்தன.

மூன்றாவதே மிக முக்கியமானது, அது வாடகை. ஸ்பெயினின் 1964ஆம் ஆண்டு நகரக் குத்தகைச் சட்டத்தின்படி, கடைக்குத்தகையைப் புதுப்பிக்க மறுக்கும் உரிமை கட்டட உரிமையாளருக்குப் பெரும்பாலும் இருக்கவில்லை. குத்தகை கட்டாயமாக நீண்டது. உரிமையாளர் நினைத்தபடி வாடகையை உயர்த்த முடியவில்லை. தந்தையிடமிருந்து பிள்ளைக்கும் அவ்வுரிமை கைமாறியது. ஒரு கிண்ண மதுவைச் சில்லறைக் காசுக்கு விற்றும் ஒரு குடும்பம் பிழைக்க முடிந்ததன் இரகசியம் இதுவே. பீப்பாவோ மூலிகையோ தவறணைக்காரரின் குணநலமோ தனித்து நின்று அவ்விடத்தைக் காக்கவில்லை. குத்தகையே அதனைக் காத்தது.

இக்காலத்தைப் பொற்காலமெனப் பாடுவோருக்கும் ஈண்டு மறுப்புக் கூறவேண்டும். 1939 முதல் 1975 வரை அந்நாடு பிராங்கோவின் சர்வாதிகாரத்தின்கீழ் இருந்தது. தவறணையில் அரசியல் பேசுதல் ஆபத்தாகவிருந்தது. கத்தலான் மொழி பாடசாலையிலிருந்தும் அரசகருமங்களிலிருந்தும் விலக்கப்பட்டிருந்தது. மணமான பெண் வேலைக்குச் செல்வதற்கும் 1975 வரை கணவனின் அனுமதி சட்டப்படி வேண்டப்பட்டது. ஞாயிறு வேளையில் குடும்பத்தோடு வந்த பெண், வார நாட்களில் அதே வாசலைத் தனியே கடப்பது எளிதாக இருக்கவில்லை. ஆண்கள் கூடிய அந்த ஒரு மணிநேரத்தின் மறுபக்கத்தில், பெண்கள் அடுப்படியில் நின்ற ஒரு மணிநேரம் இருந்தது. ஆகவே பழைய தவறணையை அப்படியே மீட்கவேண்டுமென்ற கோரிக்கையும் ஏற்கத்தக்கதன்று. மீட்கப்படவேண்டியது அதன் அணுகத்தக்க தன்மை ஒன்றே.

3. இரு நிகழ்வுகள் சந்தித்த இடம்

1980களில் வெர்மூத் செல்வாக்கிழந்தது. பியரும் கோலாவும் விஸ்கியும் புதிய தலைமுறையின் பானங்களாயின. 1992இன் ஒலிம்பிக் விளையாட்டு விழா பார்சிலோனாவை உலகச் சந்தையில் ஒரு காட்சிப் பொருளாக நிறுத்தியது. பின்னர் 2008இன் பொருளாதார நெருக்கடி வந்தது. 2013இன் தொடக்கத்தில் ஸ்பெயினில் வேலையற்றோர் தொகை 26 வீதத்தையும் கடந்தது. இரவு விடுதிக்குச் செல்லப் பணமில்லாத இளைஞர் நண்பகலில் மலிவான கிண்ணமொன்றோடு வெயிலில் இருக்க விரும்பினர். இதுவே மறுமலர்ச்சியின் உண்மையான தொடக்கம். இதில் குறைகூற ஏதுமில்லை. வறுமை தனக்கேற்ற இன்பத்தைப் பாட்டன்மாரிடம் கண்டெடுத்தது.

ஆயின் மூலதனம் இத்தகைய கண்டுபிடிப்புகளை நெடுநாள் விட்டுவைப்பதில்லை. உலகப் புகழ்பெற்ற சமையற் கலைஞரான அல்பேர்ட் அத்ரியா 2013இல் சாந்த் அந்தோனிப் பகுதியில் ‘பொதேகா 1900’ என்ற வெர்மூத் சாலையைத் திறந்தார். பழைய தவறணையின் தோற்றம் அங்கு நுணுக்கமாகப் புனையப்பட்டிருந்தது. உணவோ உயர்நிலைச் சமையற்கலையின் உணவு. கொள்ளைநோய்க் காலத்தின் பின்னர் அது மீளத் திறக்கப்படவில்லை. அதன் தரம் பற்றி ஈண்டு வாதமில்லை. அடுப்பில்லாத ஏழைத் தவறணையின் உருவம், செல்வரின் இரசனைக்குரிய ஓர் அழகியற் பாணியாக மாறியமையே அவதானிக்கத்தக்கது. அதனைத் தொடர்ந்து, ஓடு பதித்த சுவரும் போலிப் பீப்பாவும் கொண்ட வெர்மூத் சாலைகள் நகரெங்கும் எழுந்தன.

இதே ஆண்டுகளில் மற்றொரு நிகழ்வும் நடந்தேறியது. 1994ஆம் ஆண்டின் புதிய குத்தகைச் சட்டம் பழைய கடைக்குத்தகைகளிற் பெருந்தொகையானவற்றுக்கு இருபதாண்டு அவகாசமே வழங்கியிருந்தது. அவ்வவகாசம் 2014 டிசம்பர் 31ஆம் திகதி முடிவுற்றது. உரிமையாளர்கள் சந்தை வாடகையைக் கோரலாயினர். பழைய வாடகையின் பன்மடங்கை அன்றாடக் கிண்ண விற்பனையிலிருந்து கட்ட எவராலும் இயலவில்லை. புத்தகக் கடைகளும் விளையாட்டுப் பொருட் கடைகளும் தவறணைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வெர்மூத் மறுமலர்ச்சி உச்சம் பெற்ற ஆண்டுகளும், வெர்மூத்தை அருந்த இடம் தந்த பழைய கடைகள் சட்டப் பாதுகாப்பை இழந்த ஆண்டுகளும் ஒன்றே. மறுமலர்ச்சியைப் போற்றி எழுதப்பட்ட பக்கங்களில் இச்சட்டத்தின் பெயரைக் காண்பது அரிது. இவ்விரு நிகழ்வுகளையும் இணைத்து நோக்காத எந்தப் பண்பாட்டு விளக்கமும் வெறும் விளம்பரமாகவே முடியும்.

4. மூன்று மறுப்புகள்

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் முன்வைக்கப்படலாம்.

மறுமலர்ச்சி பல பழைய தவறணைகளைக் காப்பாற்றியுள்ளது என்பது முதலாவது. இதில் உண்மையுண்டு. போப்ளே செக்கிலுள்ள, 1914இல் தொடங்கப்பட்ட ‘கிமெத் இ கிமெத்’ போன்றவை தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன. புதிய வாடிக்கையாளர் வராதிருப்பின் வேறு பல எப்பொழுதோ மூடப்பட்டிருக்கும். ஆயின் அவ்வாடிக்கையாளரின் வருகையே அவ்வீதியின் விலையையும் உயர்த்துகின்றது. வீதி நாகரிகமாகும்போது மாடியிலுள்ள வீடுகள் உல்லாசப் பயணிகளின் குறுங்காலத் தங்குமிடங்களாகின்றன. தவறணை எஞ்சுகின்றது, அதன் அயலவர் எஞ்சுவதில்லை. அயலவரற்ற அயற்றவறணை தன் பெயரையே பொய்யாக்குகின்றது.

மாநகர சபை பாதுகாப்பு அளித்துள்ளது என்பது இரண்டாவது. நகரின் அடையாளமாக விளங்கும் கடைகளைப் பேணும் திட்டமொன்றை அச்சபை 2016இல் நிறைவேற்றியது உண்மையே. ஆனால் அத்திட்டம் பாதுகாப்பது முகப்பையும் தளபாடத்தையும் அலங்காரத்தையுமே. கடையில் எத்தொழில் நடைபெறவேண்டும், அதன் வாடகை எவ்வளவாக இருக்கவேண்டும் என்பன அதன் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டவை. பீப்பாவுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பீப்பாவிலிருந்து ஊற்றித் தருபவருக்கு இல்லை. மூலமூர்த்தியை வெளியேற்றிவிட்டுக் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதற்கு இது ஒப்பாகும்.

வழக்கங்கள் காலத்துக்கேற்ப மாறுவது இயல்பு, அதற்கு வருந்துவது பழைமைவாதம் என்பது மூன்றாவது. மாற்றத்தை எவரும் மறுக்கவில்லை. மாற்றம் எவருடைய நலனுக்காக நிகழ்கின்றது என்பதே கேள்வி. மிலான் நகரின் அனுபவம் இதற்கு விடை தரும். அங்கு 1990களிலிருந்து, ஒரு கிண்ணத்தின் விலைக்கு மேசை நிறைந்த சிற்றுண்டிகளையும் வழங்கும் முறை பரவியது. இரவு உணவைக் குறிக்கும் ‘சேனா’ என்ற சொல்லையும் இணைத்து அதற்கு ‘அப்பெரிச்சேனா’ என்றே பெயரிட்டனர். நிரந்தர வேலையற்ற இளைஞருக்கும் மாணவருக்கும் அதுவே இரவுணவாயிற்று. பசியைத் தூண்டுவதற்கென வந்த பானம் பசியை அடக்கும் மலிவு வழியாக மாறியது. இதனையும் ‘வாழ்க்கைப் பாணி’ என்றே விளம்பரங்கள் கொண்டாடின. பாதுவா நகரில் 1919இல் தோன்றிய அப்பெரோல் என்ற பானத்தைக் கம்பாரி நிறுவனம் 2003இல் வாங்கியது. அதன் பின்னர் நிகழ்ந்த பெரும் பிரசாரத்தாலேயே அச்செம்மஞ்சட் கிண்ணம் உலகெங்கும் இத்தாலிய மாலைப்பொழுதின் சின்னமாயிற்று. இயல்பாக மலர்ந்ததெனப்படுவதற்குப் பின்னால் கணக்கேடொன்று இருப்பதை எவரும் மறுக்கவியலாது.

5. காக்கப்படவேண்டியது எது?

2024 ஜூலை 6ஆம் திகதி பார்சிலோனாவில் ஆயிரக்கணக்கானோர் மிதமிஞ்சிய உல்லாசப் பயணத்துறைக்கு எதிராக ஊர்வலம் சென்றனர். சிலர் வீதியோர மேசைகளில் இருந்த பயணிகள்மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினர். உலகப் பத்திரிகைகள் அத்தண்ணீரையே எழுதின. ஊர்வலத்தினரின் கோரிக்கை வீட்டு வாடகை பற்றியது என்பதைப் பலர் கடைசிப் பந்தியிற் சேர்த்தனர். அதற்கு முந்திய மாதத்திலே, குறுங்காலத் தங்குமிடங்களாகப் பதிவுபெற்ற ஏறத்தாழ 10,000 வீடுகளின் அனுமதிகள் 2028 நவம்பருக்குப் பின்னர் புதுப்பிக்கப்படமாட்டா என மேயர் ஜௌமே கொல்போனி அறிவித்திருந்தார். பத்தாண்டுகளில் நகரின் வாடகை 68 வீதம் உயர்ந்துள்ளது என்பதே அதற்கு அவர் கூறிய காரணம். தவறணையின் கதையும் வீட்டின் கதையும் ஒன்றே என்பதை மக்கள் உணர்ந்துள்ளனர். பத்தி எழுத்தாளர்கள் இன்னும் உணரவில்லை.

மாற்று வழியும் அந்நகரிலேயே உண்டு. சாந்த்ஸ் பகுதியின் தொழிலாளர் 1891இல் ‘லா யெயால்தாத் சாந்த்சென்கா’ என்ற நுகர்வோர் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினர். அதன் கட்டடம் 1928இல் எழுந்தது. பின்னர் கைவிடப்பட்டுக் கிடந்தது. அயலவரின் விடாப்பிடியான கோரிக்கையின் பயனாக அது நகரின் பொதுச்சொத்தாகப் புதுக்கப்பட்டு, 2017இல் அயலவரே நிருவகிக்கும் சமூக மன்றமாகத் திறக்கப்பட்டது. அங்கு கூடுபவர் எதனை அருந்துகின்றனர் என்பது பொருட்டன்று. அவ்விடத்திலிருந்து அவர்களை எழுப்பிவிட எந்த உரிமையாளருக்கும் அதிகாரமில்லை என்பதே பொருட்டு. ஆணும் பெண்ணும் வந்தேறியும் முதியவரும் சமமாக நுழையத்தக்க இடமாக அது அமைந்துள்ளமையால், பழைய தவறணையின் சிறப்பு அதன் குறைகளின்றி அங்கே தொடர்கின்றது எனலாம்.

ஆகவே வெர்மூத் மறுமலர்ச்சியை மெச்சுவோரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: கிண்ணத்தைக் கொண்டாடும் அவர்கள் குத்தகைக்காக ஒரு வரியேனும் எழுதினரா? கறுவாவின் மணத்தையும் பூண்டின் கசப்பையும் விதந்துரைக்கும் பேனா, வாடகைச் சிட்டையைக் கண்டவுடன் மௌனமாவதேன்? பண்பாடு என்பது நாவிற் படும் சுவையளவில் நின்றுவிடுவதன்று. உழைத்துக் களைத்தவன் சில்லறைக் காசோடு சென்று, அயலவனின் தோளருகே ஒரு மணிநேரம் நிற்பதற்குள்ள உரிமையும் பண்பாடே. அவ்வுரிமையைச் சட்டத்தால் உறுதிசெய்யாத மறுமலர்ச்சி எதுவும் வெறும் பீப்பாவுக்குப் பூசப்பட்ட பளபளப்பாகவே எஞ்சும்.